பனியின் மேல் ஓர் இரவு: கேதார்காண்டாவில் குளிர்காலக் கூடாரவாசத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

உத்தராகண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் பசு விஹார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கேதார்காண்டா சிகரம் சுமார் 3,800 மீட்டர் உயரம் கொண்டது. இமயமலையின் பெரும்பாலான நடைபாதைகள் பனியால் மூடிக் கிடக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் இங்கே கூட்டம் அதிகம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புறப்படுகிறவர்களில் பலருக்கு, வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியின் மேல் படுத்து உறங்கும் இரவு இந்த மலையில்தான் அமைகிறது. சிகரத்தை எட்டுவது குறித்துப் பலரும் விரிவாகப் பேசுகிறார்கள். ஆனால் மாலை ஐந்தரை மணியளவில் வெயில் இறங்கியது முதல் மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வரும் வரையிலான அந்த நீண்ட நேரத்தைக் கழிப்பதற்குத்தான் உண்மையான ஆயத்தம் தேவைப்படுகிறது.

அந்த ஆயத்தத்தின் மையம் உலர்ந்திருப்பது. பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரி செல்சியஸ் குளிரை, உலர்ந்த உடையும் நல்ல படுக்கையும் உள்ள ஆரோக்கியமான எவரும் தாங்கிவிடலாம். வியர்வையில் நனைந்த பனியனோடு படுப்பவருக்குப் பூச்சியம் டிகிரிகூட ஆபத்தானது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இந்த ஈரத்தைத் தவிர்ப்பதற்கானது என்று எண்ணிக்கொண்டு படித்தால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

முதல் படி: காலத்தையும் நாள்களையும் முடிவு செய்தல்

டேராடூனிலிருந்து மசூரி, புரோலா, மோரி வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் மலைச்சாலையில் எட்டு முதல் பத்து மணி நேரம் பயணம் செய்தால் சாங்க்ரி கிராமம் வரும். இதன் உயரம் ஏறத்தாழ 1,950 மீட்டர். அங்கிருந்து முதல் நாள் 2,750 மீட்டர் அளவில் உள்ள ஜூடா கா தலாப் என்ற ஏரிக்கரைக்கும், இரண்டாம் நாள் 3,400 மீட்டர் அளவில் உள்ள அடிவார முகாமுக்கும் ஏறி, மூன்றாம் நாள் விடியலில் சிகரத்தைத் தொட்டு இறங்குவது வழக்கமான திட்டம்.

டிசம்பர் முதல் பாதியில் பனி குறைவாக இருக்கும். மாதக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனி ஆழமாகவும், இரவுகள் மிகக் கடுமையாகவும் இருக்கும். முதல் முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிப்ரவரி மாதக் கடைசி வாரமும் மார்ச் முதல் வாரமும். அப்போது பனியும் இருக்கும், பகலும் நீண்டிருக்கும், இரவின் கடுமையும் சற்றுத் தணிந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அந்த நாள்களின் நெரிசலில் நல்ல கூடாரமோ வழிகாட்டியின் முழுக் கவனமோ கிடைப்பது அரிது.

3,000 மீட்டருக்கு மேல் போனால், ஓர் இரவு தூங்கிய இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 500 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது உயர்மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. மேலே சொன்ன திட்டம் அந்த அளவைச் சற்று மீறுகிறது. கடல் மட்டத்து ஊர்களிலிருந்து நேராகப் போகும் நாம் ஜூடா கா தலாபில் இரண்டாவது இரவு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், அந்த ஒரு நாள் செலவு வேறு எந்தக் கருவியும் தராத பாதுகாப்பைத் தரும்.

ஏற்பாட்டாளர் ஒருவர் மூலமாகச் செல்வதானால், பணம் கட்டும் முன்பே சில கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரிக்கானது? தரையில் விரிக்க என்ன மேட் தருவார்கள்? ஆக்சிஜன் சிலிண்டரும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் கூடவே வருமா? வழிகாட்டி உத்தரகாசியில் 1965 முதல் இயங்கிவரும் நேரு மலையேற்ற நிறுவனத்திலோ அதற்கு நிகரான வேறிடத்திலோ பயிற்சி பெற்றவரா? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு ஏற்பாட்டாளரைத் தேடலாம். வனத்துறை அனுமதி யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. ஆகவே எங்கே கூடாரம் போட இப்போது அனுமதி உண்டு என்பதை வனத்துறையிடம் உறுதி செய்துகொண்டே கிளம்ப வேண்டும்.

இன்னொன்று: சாங்க்ரிக்கு மேலே கைபேசி சிக்னலை நம்ப முடியாது என்பதால், சிலர் வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் போனையோ சாட்டிலைட் மெசேஜரையோ எடுத்துச் செல்ல நினைக்கிறார்கள். இந்தியாவில் முன் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். கைது வரை போகும். அதற்குப் பதிலாக, எந்த நாளில் எங்கே இருப்பீர்கள், எந்த நாள் மாலைக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் படி: உடலும் ஒத்திகையும்

எட்டு வாரங்களுக்கு முன்பே முதுகில் எட்டுக் கிலோ பையுடன் மாடிப்படி ஏறி இறங்கப் பழகுவது போதுமானது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் புறப்படக்கூடாது.

ஒத்திகை பலரும் விட்டுவிடும் ஒன்று. ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான பகுதிகளில், குறிப்பாகத் தலைகுந்தா போன்ற இடங்களில், விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும் அளவுக்கு வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இறங்குகிறது. காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை. ஆனால் தங்குமிடம் ஒன்றின் புல்வெளியில், உரிமையாளரின் சம்மதத்தோடு ஓர் இரவு படுத்துப் பார்க்கலாம். உங்கள் படுக்கையின் குறை, பத்தடி தூரத்தில் சூடான அறை இருக்கும்போதே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: உடை

தடிமனான ஒரே உடையைவிட, மெல்லிய பல அடுக்குகளே இங்கே பயன்படும். நடக்கும்போது கழற்றவும் நிற்கும்போது போடவும் முடியும். உடலை ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு பாலியெஸ்டராலோ மெரினோ கம்பளியாலோ ஆன தெர்மலாக இருக்க வேண்டும். அது வியர்வையை உறிஞ்சித் தேக்காமல் வெளியே கடத்தும். அதன் மேல் ஃபிளீஸ் எனப்படும் மென்மயிர்த் துணியாலான சட்டை. அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். இவை தவிர, நின்றுவிட்ட உடனே எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டுக்கொள்வதற்கென்று, டவுன் எனப்படும் மெல்லிறகு அடைத்த, தொப்பியுடன் கூடிய தடித்த ஜாக்கெட் ஒன்று.

பருத்தியை முற்றிலுமாக விலக்க வேண்டும். நம் ஊரின் பனியனும் ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடலின் சூட்டை விடாமல் உறிஞ்சும். உள்ளாடையிலும் இதையே கவனியுங்கள். தெர்மல் வரை சரியாக வாங்கிவிட்டு, அதற்குள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

நடக்கத் தொடங்கும்போது இலேசாகக் குளிரும் அளவுக்கு மட்டுமே உடுத்திக்கொள்ளுங்கள். முகாமிலிருந்து கதகதப்பாகக் கிளம்பினால், இருபது நிமிட ஏற்றத்தில் முதுகு நனைந்துவிடும்; பிறகு ஓய்வுக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உறையத் தொடங்கும். வியர்க்கப் போகிறது என்று தோன்றும்போதே ஓர் அடுக்கைக் கழற்றுவதும், வேகத்தைக் குறைப்பதும் சோம்பல் பாராமல் செய்ய வேண்டியவை.

இரவுக்கென்று ஒரு தெர்மல் ஜோடியும் ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸும் தனியாக, பிளாஸ்டிக் உறையில் கட்டி, பையின் அடியில் இருக்கட்டும். பகலில் என்ன நேர்ந்தாலும் அவற்றைத் தொடக்கூடாது.

கால்களுக்கு இரண்டு சாக்ஸ்களை இறுக்கமாக மாட்டுவது இரத்த ஓட்டத்தைக் குறைத்து, குளிரைக் கூட்டிவிடும். ஒரே ஒரு கம்பளிச் சாக்ஸும், விரல்கள் அசைய இடம் தரும் அரை அளவு பெரிய, நீர் புகாத பூட்ஸும் போதும். கைகளுக்கு மெல்லிய உள்ளுறையும், அதன் மேல் நீர் புகாத தடித்த உறையும் தேவை. கையுறையில் மணிக்கட்டுக் கயிறு இருக்கட்டும், ஏனெனில் காற்றில் பறந்துபோன ஒரு கையுறை பயணத்தையே முடித்துவிடும். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது. கருப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்றிரவே கண்ணில் மணல் விழுந்தது போன்ற வலி தொடங்கும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்புறத்திலும் தாடையின் கீழும் தடவ வேண்டும், கதிர்கள் கீழிருந்தும் வருகின்றன. வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் என்ற இரும்பு முள் பட்டைகளும், பனி உள்ளே புகாமல் தடுக்கும் கெய்ட்டரும் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

நான்காம் படி: படுக்கை

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், தயங்காமல் படுக்கையில் என்பேன். ஸ்லீப்பிங் பேக்கின் பட்டையில் பெரும்பாலும் மூன்று வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது வசதி எல்லை. குளிரை அதிகம் உணரும் ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு நடுங்காமல் எட்டு மணி நேரம் சமாளிக்கும் கீழ் எல்லை. மூன்றாவது உயிர் மட்டும் மிஞ்சுவதற்கான கடைசி எல்லை. அதை நம்பி எவரும் படுக்கக்கூடாது. கடைகளில் பெரிதாகக் காட்டப்படும் எண் பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும். நம் கடலோர ஊர்களில் வளர்ந்த உடலுக்கு முதல் எண்ணே கணக்கு. அது எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்து டிகிரியாவது கீழே இருக்க வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக்கைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது அதன் கீழே விரிக்கும் மேட். உடல் எடையில் நசுங்கிய இறகோ பஞ்சோ சூட்டைத் தடுக்காது. எனவே கீழிருந்து வரும் குளிரை மேட் மட்டுமே தடுக்க வேண்டியிருக்கிறது. மேட்டின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். பனியின் மேல் படுக்க அது ஐந்துக்குக் குறையக்கூடாது. இரண்டு மேட்களை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தால் மதிப்புகள் கூடும். இரண்டு மதிப்புள்ள மடக்கு ஃபோம் மேட்டைக் கீழேயும், மூன்றரை மதிப்புள்ள காற்றடைக்கும் மேட்டை அதன் மேலேயும் போடுவது நல்ல ஏற்பாடு. காற்று மேட் ஓட்டையானால்கூட ஃபோம் இருக்கும். ஏற்பாட்டாளர் ஒரே ஒரு மெல்லிய மேட் தருவதாகச் சொன்னால், உங்கள் சொந்த ஃபோம் மேட்டைப் பையில் கட்டிக்கொண்டு போங்கள். எடை அரைக்கிலோகூட வராது.

ஐந்தாம் படி: கூடாரத்தின் இடமும் நிலையும்

பள்ளத்தின் அடியில் கூடாரம் போடாதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியாக இறங்கி அங்கேதான் தேங்கும். சில மீட்டர் உயரத்திலுள்ள திட்டு கதகதப்பாக இருக்கும். மேலே காய்ந்த கிளைகளோ, பனி சுமந்த கிளைகளோ உள்ள மரத்தடியும் வேண்டாம். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள, பனி மூடிய திறந்த மலைச்சரிவுகளில்தான் பனி மொத்தமாகச் சரிந்து விழும் விபத்துகள் பெரும்பாலும் நேர்கின்றன. அத்தகைய சரிவின் அடியிலும் தங்கக்கூடாது.

இடம் தேர்ந்த பிறகு, கூடாரத்தின் அளவைவிடச் சற்றுப் பெரிய பரப்பில் பூட்ஸால் பனியை நன்றாக மிதித்துச் சமப்படுத்தி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். மிதிபட்ட பனி அந்த நேரத்தில் இறுகிவிடும். இறுகாத பனியில் படுத்தால், நள்ளிரவில் இடுப்புக்குக் கீழே குழி விழுந்து, காலையில் அதே வடிவத்தில் உறைந்து கிடக்கும். சாதாரண முளைக்கம்பி பனியில் நிற்காது. கயிற்றை ஒரு தடித்த குச்சியின் நடுவிலோ, பனி நிரப்பிய துணிப்பையிலோ கட்டி, ஓரடி ஆழத்தில் படுக்கைவாட்டில் புதைத்து மிதித்துவிட்டால் காற்றுக்கு அசையாது. வாசலைக் காற்று வரும் பக்கத்துக்கு மறுபுறமாக வையுங்கள்.

மேல்புறக் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடுவது, கூடாரத்தில் செய்யப்படும் மிகப் பொதுவான தவறு. ஓர் இரவில் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் அளவுக்கு நீரை வெளியேற்றக்கூடும். அது வெளியே போக வழியில்லாவிட்டால் கூரையின் உட்புறத்தில் படிந்து, உறைந்து, யாராவது புரளும்போதெல்லாம் பொடிப்பொடியாக முகத்திலும் ஸ்லீப்பிங் பேக்கிலும் உதிரும். காலை வெயிலில் அதுவே உருகி, இறகை நனைத்து, அடுத்த இரவைக் கெடுத்துவிடும்.

ஆறாம் படி: அடுப்பு, தண்ணீர், உணவு

சொந்தமாகச் சமைப்பவர்கள் எரிவாயுக் குப்பியின் கலவையைப் பார்த்து வாங்க வேண்டும். பியூட்டேன் பூச்சியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடுவதால், வெறும் பியூட்டேன் குப்பி விடியற்காலையில் எரியாது. ஐசோபியூட்டேன் கிட்டத்தட்ட மைனஸ் 12 வரையிலும், புரொப்பேன் மைனஸ் 42 வரையிலும் ஆவியாகும். ஆகவே இவ்விரண்டும் கலந்த குப்பியே தேவை. விமானத்தில் எந்த எரிவாயுக் குப்பியையும் கொண்டுபோக முடியாது. டேராடூனில்தான் வாங்க வேண்டும்.

எந்த அடுப்பையும், எந்தக் கரியையும், உள்ளூரில் அங்கீட்டி என்று சொல்லும் கணப்புச் சட்டியையும் மூடிய கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் மூடிய அறைகளில் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. கணப்பைச் சிறிது நேரம் மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது.

பனியை உருக்கித் தண்ணீராக்க நேர்ந்தால், பாத்திரத்தில் முதலில் சிறிது தண்ணீர் ஊற்றி, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெறும் பனியைப் போட்டால் பாத்திரத்தின் அடி கருகும். பனியை நீராக்க மட்டுமே, அதே அளவு நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் வெப்பம் செலவாகும் என்பதால், எரிபொருளை ஏறத்தாழ இரு மடங்காகக் கணக்கிட வேண்டும். 3,400 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே அரிசி வேகக் காத்திருப்பது வீண். அவல், சேமியா, ரவை ஆகியவை சீக்கிரம் ஆகும். நல்லெண்ணெய் கலந்த இட்லிப் பொடியும், ஒரு டப்பா நெய்யும் அந்த உயரத்தில் மந்தமாகிவிடும் பசியைத் தூண்டும். குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் உறையாது.

ஏழாம் படி: படுக்கப் போகும் ஒரு மணி நேரம்

இரவு உணவு முடிந்ததும் கூடாரத்துக்கு ஓடாமல், பத்து நிமிடம் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது. உங்கள் உடல் தரும் சூட்டைப் பிடித்து வைக்க மட்டுமே அதற்குத் தெரியும். எனவே உடல் சூடாக உள்ளே போக வேண்டும். வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பனியைத் தட்டி, அதை ஓர் உறையில் போட்டு உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்டால் காலையில் கல்லாகிவிடும். பகலில் போட்ட தெர்மல் உலர்ந்திருப்பதாகவே தோன்றினாலும் கழற்றிவிட்டு, பையின் அடியில் வைத்திருந்த இரவு உடைக்கு மாறுங்கள். கொதிநீரை உறுதியான பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டவில்லை என்று பார்த்த பிறகு, ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால், பெரிய இரத்தக் குழாய்கள் வழியாகச் சூடு உடல் முழுக்கப் பரவும். கைபேசி, பவர் பேங்க், ஹெட்லேம்ப் மூன்றும் உள்ளேயே இருக்கட்டும், குளிரில் பேட்டரிகள் சட்டென்று இறங்கிவிடும்.

மூச்சை ஸ்லீப்பிங் பேக்குக்குள் விடாதீர்கள். மூக்கும் வாயும் வெளியே இருக்க, குல்லாவும் கழுத்துத் துணியும் மற்றதை மூடட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கடலை மிட்டாயோ பாதாம் பொட்டலமோ வையுங்கள். நள்ளிரவில் குளிர் எழுப்பினால் அதைச் சாப்பிடுவது பத்து நிமிடத்தில் பலன் தரும். சிறுநீர் வந்தால் அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்; அடக்கிக்கொண்டே விழித்திருப்பதில் தூக்கமும் போகும், சுகமும் போகும்.

எட்டாம் படி: எப்போது இறங்க வேண்டும்

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர்மலை நோயின் தொடக்க அறிகுறிகள். இவை இருக்கும்போது மேலும் ஏறக்கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்குவது, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவென்று பாராமல் இறங்கத் தொடங்க வேண்டும். உயர்மலை நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் ஆலோசனையின்றி எடுக்காதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது இன்னொரு ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். பிறகு ஜிப்பைப் பிடிக்க விரல் வராது, பேச்சு குழறும், கால் இடறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடை மாற்றாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது தேறிவிட்ட அடையாளமன்று, நிலைமை முற்றிவிட்டது. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, மேட்டின் மேல் படுக்கவைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூட்டை வெளியே விட்டுவிடும். விரல் வெளுத்து மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடாக்கலாம். பனியால் தேய்ப்பது சதையைக் கிழிக்கும்.

2024 ஜூனில், இதே மாவட்டத்தில் சஹஸ்த்ர தால் பாதையில் சென்ற 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. அவர்களில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். குழுவில் பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். கோடையிலேயே மலை இப்படி மாறும் என்றால், குளிர்காலத்தில் வானம் கறுக்கும்போது சிகரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று கணக்குப் போடுவது தகாது. எத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவது என்பதை முந்தின இரவே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும் விவாதமின்றித் திரும்புங்கள்.

ஒன்பதாம் படி: ஊர் திரும்பிய பிறகு

பனியில் போட்ட குப்பை வசந்தத்தில் உருகி ஓடைக்கே போய்ச் சேரும் என்பதால், டிஷ்யூ பேப்பர் உட்பட எல்லாவற்றையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் எவ்வளவு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், வீட்டுக்கு வந்த அன்றே பிரித்து, நிழலில், மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விரித்துப் போடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் மடித்து வைத்த டவுன் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை அடிக்கத் தொடங்கும். பிறகு அதை அதன் சிறிய உறைக்குள் திணிக்காமல், பெரிய துணிப்பை ஒன்றில் தளர்வாகப் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். மாதக் கணக்கில் நசுங்கிக் கிடக்கும் இறகு அடுத்த குளிர்காலத்தில் உப்பி எழாது.